துணைக்குப் போன பிள்ளைகள்

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் படக்கொப்பி எடுக்கப் போன காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். ரொறன்ரோவில் வெலஸ்லி தெருவும் பார்லிமென்ட் தெருவும் சந்திக்கிற இடத்துக்குப் பக்கத்தில், 1960களில் எழும்பிய சென்ட் ஜேம்ஸ் ரவுன் உயர்மாடிகள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்திறங்கிய ஈழத்தமிழரில் கனபேருக்குக் கனடாவில் முதல் முகவரி அதுதான். தமிழ்க் கடைக்குள் போனால் முன்பக்கம் அரிசிமா, கறித்தூள், உறைந்த மீன். பின்பக்கம் ஒரு சுவர் முழுக்க வீடியோ நாடாக்கள். இரண்டு அறை வீட்டில் நாங்கள் மூன்று பேர், சித்தப்பா, அவரோடு ஒரே ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிய இரண்டு அண்ணைமார், எல்லாரும் ஒரே கம்பளத்தில் சாய்ந்துகொண்டு, தேய்ந்த நாடாவில் ரஜினியின் முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டிருக்க, வேலை முடிந்து வந்தவர் சண்டைக் காட்சிக்கு நடுவே உட்கார்ந்தபடியே நித்திரையாகிவிட, அம்மா அவருடைய சாப்பாட்டுத் தட்டை மெல்ல எடுத்து வைத்துவிட்டு வந்து மிச்சப் படத்தைப் பார்ப்பா. இன்று மார்க்கம் நகரில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு அறை இருக்கிறது, ஆளுக்கொரு திரையும் இருக்கிறது. மூன்று தலைமுறையும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே ஒரு சனிக்கிழமையைக் கழித்துவிடலாம். அந்த நெருக்கடி மறுபடி வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே ஒருவர் அழுதால் எல்லாருக்கும் கேட்கும், அழுகிறவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. ஆனால் அந்தக் கம்பளத்தில் இருந்தபோது யார் எவ்வளவு களைத்திருக்கிறார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

எங்கள் குடும்பம் ஒரேயடியாக வந்த குடும்பம் அல்ல. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு புறப்பட்டவர்களில் பெரும்பாலும் முதலில் ஓர் ஆண்தான் வந்தார், பிறகுதான் மற்றவர்கள். அப்பா வந்தது 1986இல். அந்த வருஷம் ஆகஸ்ட் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவரும் மற்ற மீனவர்களும் காப்பாற்றிக் கரைசேர்த்த செய்தி உலகமெல்லாம் போனது. அப்பா சில மாதம் கழித்து, அவ்வளவு பேரறியாமல், விமானத்தில் வந்து இறங்கினார். அகதிக் கோரிக்கை வைப்பவரை நேரில் அழைத்து விசாரிக்க வேண்டும் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பு எத்தனையோ பேரைக் காத்தது. ஆனால் அத்தனை பேரையும் விசாரிக்க ஆட்கள் போதவில்லை. 1989 ஜனவரியில் புதிய அகதிச் சபை தொடங்குவதற்கு முன் வந்தவர்களின் கோப்புகள் மலையாகத் தேங்கின. கோப்பு அசையாமல் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. ஆறு வயதில் நான் வழியனுப்பிய அப்பாவை மறுபடி கண்டபோது எனக்குப் பதினொரு வயது.

இடைப்பட்ட காலத்தில் அப்பா எங்களுக்கு ஒரு குரலாக இருந்தார். யாழ்ப்பாணத்துக்கு அந்த நாளில் தொலைபேசி எடுப்பது நினைத்துப்பார்க்க முடியாத காரியம். நீல நிற எயர்மெயில் கடிதங்களும், யாராவது கொழும்புக்கு வரும்போது கைமாறி வருகிற கசெற்றும்தான். கசெற்றின் ஒரு பக்கம் அம்மாவுக்கு, மறுபக்கத்தில் கொஞ்சம் எனக்கு. பனி எப்படி விழும், நிலத்துக்குக் கீழே றெயில் எப்படி ஓடும் என்று சொல்வார். நாங்கள் அதே நாடாவில் எங்கள் குரலைப் பதிந்து திருப்பி அனுப்புவோம். நான் வாய்ப்பாடு சொல்வேன், அம்மம்மா தன் முழங்கால் வலியைச் சொல்வா, பின்னால் காகம் கரையும். 1990 ஜூனில் மறுபடி சண்டை தொடங்குவதற்குச் சற்று முன் அம்மாவும் நானும் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்து, விசாவுக்காகக் காத்திருந்து, 1991இல் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கினோம். தடித்த கோட்டுப் போட்ட ஒருவர் கிட்ட வந்தார். முகம் எனக்குப் பிடிபடவில்லை. அவர் வாய் திறந்து, "பயணம் எப்பிடி, களைப்போ?" என்று கேட்ட பிறகுதான் இவர் அப்பா என்று உடம்புக்குத் தெரிந்தது. எனக்கென்று அவர் வாங்கி வைத்திருந்த குளிர்ச்சட்டை, அவர் மனதில் இருந்த பிள்ளையின் அளவு. கை மணிக்கட்டுக்கு மேலேயே முடிந்துவிட்டது. முதல் மாதங்களில் லைற்றை அணைத்த பிறகுதான் நான் அவரோடு தாராளமாகக் கதைத்தேன். இருட்டில் அவர் கசெற்றில் இருந்த அப்பா ஆகிவிடுவார்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், புலம்பெயர்ந்த வீடுகளில் தலைமுறைச் சண்டை என்று பிறகு பேசப்பட்டதெல்லாம் பிள்ளை பதினாறு வயதில் தலைமயிரை வளர்த்தபோது தொடங்கியது அல்ல. தகப்பனும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பழகிக்கொள்ள வேண்டிய வருஷங்களை ஒரு கோப்புக் குவியல் எடுத்துக்கொண்டது; பிறகு சேர்ந்திருக்கக் கிடைத்த நேரத்தையும் கடன் எடுத்துக்கொண்டது. பயணத்துக்கு ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய காசு வட்டிக்கு வாங்கியது. அதற்கு மேல் ஊரில் இருக்கிற சகோதரிக்குச் சீதனம், இன்னொரு தம்பியை வெளியே எடுக்க வேண்டிய செலவு, மாதாமாதம் உண்டியலில் ஊருக்குப் போகிற காசு, இவை எல்லாவற்றையும் சமாளிக்கப் போட்ட சீட்டு. அப்பா பகலில் தொழிற்சாலை, இரவில் அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு. அம்மா வந்த சில வாரத்தில் பாண் தொழிற்சாலையில் மாலை வேலைக்குப் போனா. ஊரில் வீட்டுக்கு வெளியே உழைத்திராத அம்மா தன் பெயரில் முதல் செக் வாங்கிய நாளில் அதை மேசையில் வைத்து வடிவாகப் பார்த்துக்கொண்டிருந்த சந்தோஷத்தை நான் எந்தப் புகைப்படத்திலும் கண்டதில்லை. அதே செக் வீட்டில் புதிய சண்டைகளையும் கொண்டுவந்தது. இரண்டும் உண்மை. நாங்கள் மூவரும் பெரும்பாலும் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிய துண்டுகள் வழியாகவே கதைத்தோம்: 'சோறு இருக்கு. கறியைச் சுடவைச்சுச் சாப்பிடு. கதவைத் திறக்காதே.'

பிள்ளைகள் துணைக்குப் போன காலமும் அதுதான். குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம், வீட்டுக்காரரின் அறிவித்தல், மின்சார பில், பல் வைத்தியர், எல்லாவற்றுக்கும் வீட்டில் ஆங்கிலம் பிடித்தவன் நான். "தம்பி, உதில என்ன கிடக்கெண்டு ஒருக்கா வாசி" என்று அப்பா கேட்கும்போது பதினொரு வயதுப் பிள்ளையின் நெஞ்சு எவ்வளவு நிமிரும் என்பது அந்த வேலையைச் செய்த எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அப்பாவோடு ஷேர்போர்ன் நிலையத்தில் இறங்கி, பெட்டிக்குள் டோக்கனைப் போட்டு, ஜன்னலோரம் இருந்து போகிற பயணம். வேலை முடிந்தால் ரிம் ஹோர்ட்டன்ஸில் ஒரு டோனட், அப்பாவுக்குப் பால் கோப்பி. அப்பா எனக்கு மட்டுமாகக் கிடைத்த நேரம் அதுதான். ரொறன்ரோவில் டோக்கன் விற்பதை 2019இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது அட்டையைத் தட்டினால் கதவு திறக்கிறது, சௌகரியம்தான். அந்தச் சின்ன உலோகத் துண்டை அப்பா என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிடுகிற பழக்கம் மட்டும் எந்த அட்டையிலும் இல்லை.

ஆனால் அந்தப் பயணங்களின் மறுமுனையில் நடந்தது சின்ன விஷயம் அல்ல. 1993இல் தங்கச்சி வயிற்றில் இருந்தபோது அம்மாவோடு வைத்தியரிடம் போனவனும் நான்தான். வைத்தியர் கேட்பதை ஒரு பதின்மூன்று வயதுப் பொடியன் தன் தாயிடம் கேட்க வேண்டும். தாய் சொல்வதை அவன் வெள்ளைக்கார வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். அம்மா என் முகத்தைப் பார்ப்பா, பிறகு சுவரைப் பார்ப்பா, "ஒண்டுமில்லை எண்டு சொல்லு" என்பா. பிள்ளை கேட்கக்கூடாதவற்றைக் கேட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். தாய் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லாமல் விட்டது எனக்கு இன்றும் பெரிதாகப் படுகிறது. அவவுக்கு நித்திரை வராத இரவுகள், ஹெலிகொப்டர் சத்தத்துக்கு நடுங்குகிற கை, இவற்றை என் வாய் வழியாக எப்படிச் சொல்வா? ரொறன்ரோ மனநல ஆய்வாளர் மோர்ட்டன் பைசரும் கூடவிருந்தவர்களும் இந்நகரத் தமிழரிடையே ஆராய்ந்து 2003இல் எழுதியதில், வேதனை பரவலாக இருந்தும் உதவி தேடிப் போனவர்கள் மிகக் குறைவு என்று காட்டினார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இருக்கவில்லை. உதவி கேட்கப் போகிற வழியில் சொந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது.

காலையில் மகனை நம்பி நின்ற தகப்பன் மாலையில் மறுபடி தகப்பனாக வேண்டும். அதற்கு அவரிடம் இருந்த வழி சத்தம் போடுவதுதான். பெற்றோரைவிடப் பிள்ளைகள் வேகமாகப் புதுமொழியைப் பிடித்துக்கொள்ளும் குடும்பங்களில் அதிகாரம் தலைகீழாகும் என்று அமெரிக்கச் சமூகவியலாளர்கள் போர்ட்டெஸும் ரும்பாவுட்டும் எழுதியதை நான் வளர்ந்த பிறகு வாசித்தேன். வாசித்தபோது அப்பாவின் முகம்தான் வந்தது: பெற்றோர் சந்திப்பு இரவில் ஆசிரியை என்னைப் பற்றிச் சொன்னதை நான் அவருக்குச் சொல்ல, நான் சொன்னது முழுவதும் உண்மைதானா என்று நிச்சயிக்க முடியாமல் அவர் ஆசிரியையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்த முகம்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தச் சத்தம் பயமாக மாறியது. தமிழ் இளைஞர் குழுக்களின் மோதல்களை நாளேடுகள் எழுதின. அதற்குப் பிறகு ஒவ்வொரு தமிழ்த் தாயும் தன் மகனின் சப்பாத்தையும் தொப்பியையும் சந்தேகத்தோடு பார்த்தா. போரில் இருந்து தப்பவைக்கப் பிள்ளையைக் கூட்டி வந்தவர்கள் இங்கேயும் அவனைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்தார்கள். ஆறு மணிக்கு மேல் வெளியே போகாதே என்று சொல்கிற தாய் தகப்பன் ஆறு மணிக்கு வேலையில் நின்றார்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்பு, மிருதங்கம், கணக்கு ரியூஷன் என்று பிள்ளையின் ஒவ்வொரு மணித்தியாலத்தையும் நிரப்பினார்கள். காசு கொடுத்து வாங்கக்கூடிய காவல் அதுதான். அந்தக் கண்டிப்பை அந்த நாளில் நாங்கள் பழமைவாதம் என்றோம். யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போரின் காயம் தனியாளோடு நிற்பதில்லை, குடும்பத்துக்குள்ளும் சமூகத்துக்குள்ளும் இறங்குகிறது என்று தொடர்ந்து எழுதிவந்தது எங்கள் கைக்கு வர இன்னும் காலம் எடுத்தது.

அம்மம்மா வந்தது 1997இல். 1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாண இடப்பெயர்வில் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் நடந்ததே, அந்தக் கூட்டத்தில் அம்மம்மாவும் நடந்தா. பிறகு வன்னி, பிறகு கொழும்பு, பிறகு ஸ்பொன்சர். வருகிற வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் அப்போது 975 டொலர் குடியேற்ற உரிமைக் கட்டணம் கேட்டது, அப்பா அதற்கும் சீட்டு எடுத்தார். ஊரில் நாலு வீட்டுக்கு யோசனை சொன்ன மனுசி பன்னிரண்டாம் மாடியில் லிப்டுக்குப் பயந்து கதவோடு நின்றா. முதியோர் ஓய்வூதியம் வேண்டுமென்றால் இந்த நாட்டில் பத்து ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். அதுவரை கைச்செலவுக்கும் மருமகனைக் கேட்க வேண்டும். அவ கேட்கவில்லை. முழு வீட்டையும் தன் தலையில் போட்டுக்கொண்டா, பேரப்பிள்ளையை வளர்த்தா, இடியப்பம் பிழிந்து அயல் வீடுகளுக்கு விற்று ஒரு தகரப் பேணியில் காசு சேர்த்தா. எங்கள் சமூகம் கனடாவில் எழும்பி நின்றதற்கு வங்கிக் கடனையும் பட்டப்படிப்பையும் காரணமாகச் சொல்கிறவர்கள், தாய்மார் வேலைக்குப் போக முடிந்ததே இந்தக் கிழவிகள் வீட்டில் இருந்ததால்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், எங்கள் வீட்டில் கனடாவில் பிறந்த தங்கச்சிதான் அம்மம்மாவோடு மிகவும் ஒட்டிக்கொண்டவள். இருவருக்கும் ஒரே அறை. அவளுடைய தமிழ் கால்வாசி, இவவுடைய ஆங்கிலம் இரண்டு சொல். ஆனாலும் இரவு பதினொரு மணிக்கும் சுவருக்கு அப்பால் சிரிப்புக் கேட்கும். ஓய்வூதியம் வந்த 2007இல் சில வீடுகளில் அந்தக் காசு யாருக்கு என்று சண்டை வந்தது. அம்மம்மா தன் முதல் மாதக் காசில் தங்கச்சிக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு, இனி நான் ஒருத்தருக்கும் கடன் இல்லை என்றா. அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க, பத்து வருஷம் அவவைக் காத்திருக்கவைத்த சட்டத்தின் மீது எனக்கு வந்த கோபம் இன்றும் தணியவில்லை.

2009 மே 10, ஞாயிறு. கனடாவில் அன்று அன்னையர் தினம். போர் முடிகிற நாட்கள், முள்ளிவாய்க்காலில் இருந்து சாவுச் செய்தி வந்துகொண்டிருந்தது. ரொறன்ரோத் தமிழர் ஆயிரக்கணக்கில் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி உட்கார்ந்தார்கள். நகரத்தார் பலர் கோபப்பட்டார்கள், குழந்தை வண்டிகளோடு இப்படியா என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்று: முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் இங்கேயே வளர்ந்த பிள்ளைகள். வீட்டில் தமிழ்ச் செய்தி போட்டால் எழும்பிப் போகிற பிள்ளைகள். பதினாறு வயதுத் தங்கச்சி தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்து, அம்மம்மாவின் கட்டிலில் இருந்து, "அண்டைக்கு நீங்கள் பாலத்தில நடக்கேக்க என்ன நடந்தது?" என்று கேட்டாள். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஒருவரும் கேட்டிராத கேள்வி. பிள்ளைகளுக்குத் தெரிந்தால் பயப்படுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லவில்லை. கேட்டால் அழுவார்கள் என்று பிள்ளைகள் கேட்கவில்லை. இப்படி இரண்டு பக்கமும் அன்பினாலேயே ஒரு வீடு ஊமையாகிவிட முடியும். அந்த இரவு அம்மம்மா விடியும்வரை கதைத்தா. அம்மா வாசற்படியில் நின்று கேட்டா, பிறகு தானும் வந்து இருந்தா.

இப்போது அம்மம்மா இல்லை. அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. வட்ஸ்அப்பில் ஊர்ச் சங்கக் குழுக்களில் காலையில் பூவும் கோபுரமும் அனுப்புகிறார். யாழ்ப்பாணத்தில் மழை தூறினால் மார்க்கத்தில் அவருக்கு உடனே தெரியும். மாடிக்கு மேலே பேத்தி இருமினால் தெரியாது. என் மகள் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தயாராகிறாள். தாத்தாவிடம் பழைய கதை கேட்டுத் தொலைபேசியில் பதிந்து வைக்கிறாள். நான் கேட்டபோது ஒரு வரியில் முடித்த விஷயங்களை அவளுக்கு ஒரு மணித்தியாலம் விரிக்கிறார். பியர்சனில் என்னை ஏன் கட்டிப்பிடிக்கவில்லை என்பதையும் அவளிடம்தான் சொல்லியிருக்கிறார்: தெரியாத ஆள் தொட்டால் பிள்ளை அழுதுவிடும், முதல் நாளே தன்னைக் கண்டு அழக்கூடாது என்று கைகளைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தாராம்.

2015 கடைசியிலும் 2016 தொடக்கத்திலும் நாலு மாதத்துக்குள் 25,000 சிரிய அகதிகளைக் கனடா வரவேற்றது. அவர்களுக்குப் பிறகும் எத்தனையோ நாடுகளில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அண்மையில் அப்பாவை இரத்த அழுத்தச் சோதனைக்காகக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். காத்திருந்த இடத்தில் ஒரு சிரியத் தகப்பனும் பத்து வயது இருக்கக்கூடிய மகனும். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கேட்கக் கேட்க, பையன் அரபியில் கேட்டு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான்; காலடியில் அவனுடைய புத்தகப் பை. தகப்பன் ஏதோ ஒன்றைச் சொல்லத் தொடங்கி, மகனைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார்.

அப்பா என் கையைத் தட்டினார். "தம்பி, உந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடச் சொல்லு. தகப்பனுக்கு வேற ஆளைப் பிடிச்சுக் குடுக்கச் சொல்லு." நான் தயங்கினேன். அவர் விடவில்லை. "போய்ச் சொல்லு. எனக்கு உது தெரியும்."

எழுந்து போய்ச் சொன்னேன். அந்தப் பெண் மறுப்பொன்றும் சொல்லவில்லை. தொலைபேசியில் அரபு மொழிபெயர்ப்பாளரை எடுக்கலாம், பதினைந்து நிமிஷம் பொறுங்கள் என்றாள். கேட்டால் கிடைக்கிற வசதி அது, கேட்கலாம் என்று அந்தத் தகப்பனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. பையன் அதைத் தகப்பனுக்குச் சொன்னான். அவர் எங்கள் பக்கம் திரும்பி நெஞ்சில் கைவைத்தார், அப்பாவும் பதிலுக்குத் தலையசைத்தார். பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மத்தியானத்துக்குப் பிறகு தனக்கு விஞ்ஞான பாடம் இருக்கிறது, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டான்.